மேப்பிள் பாட்டிலில் இருந்த பீர்

அந்த மிச்ச பீரை நான் ஏன் ஸ்ரீரங்கத்துக்கு எடுத்து வந்தேன்? இதற்கு மட்டும் இன்றுவரை என்னிடம் பதில் இல்லை. குடித்ததற்குக் காரணம் சொல்ல முடியும். மறைத்ததற்கும் சொல்ல முடியும். அன்று சாயங்காலம் அம்மா வீட்டு வாஷ்பேசினில் அதைக் கொட்டிக் குழாயைத் திறந்துவிட்டிருந்தால் எல்லாம் அத்தோடு முடிந்திருக்கும். "கொட்டிடவா அக்கா?" என்று தம்பியே கேட்டான். "வேண்டாம், இரு" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று எத்தனையோ தடவை யோசித்துவிட்டேன்.

நான் பிறந்து வளர்ந்தது திருவெறும்பூரில். அப்பா தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எம்.எஸ்ஸி. முடித்தேன், இரண்டு வருடம் ஒரு கல்லூரியில் பாடம் நடத்தினேன், கல்யாணமாகி ஸ்ரீரங்கத்துக்கு வந்தேன். ஐந்து வருடம் ஆகிறது. கணவருக்கு வங்கியில் வேலை. எங்களோடு மாமியார் இருக்கிறார். ஒரு பையன், இப்போது இரண்டு வயது முடிந்திருக்கிறது. கேஸை மூடினேனா என்று பாதித் தெருவிலிருந்து திரும்பி வந்து பார்க்கிற ஆள் நான். குழந்தைக்குக் கொடுக்கும் மருந்தை அளவுக் குப்பியில் ஊற்றிவிட்டு, வெளிச்சத்தில் பிடித்து மூன்று முறை பார்ப்பேன்.

எங்கள் வீட்டுச் சமையலறையைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் சமையல் என்று சொல்வதில்லை, தளிகை என்போம். எது செய்தாலும் முதலில் பெருமாளுக்கு. அவருக்கு ஆகும்வரை யாரும் நாக்கில் வைக்கக் கூடாது. உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு உப்புப் பார்ப்பதெல்லாம் நடக்காது. அது மட்டுமில்லை, முகர்ந்தும் பார்க்கக் கூடாது. பூவானாலும் சரி, நெய்யானாலும் சரி. அவருக்கு என்று வைத்ததன் மணத்தை முதலில் நாம் எடுத்துக்கொண்டால் அது எச்சில் மாதிரிதான் என்பார் மாமியார். நாற்பது வருடத்துக்கு மேலாக அப்படித்தான் தளிகை செய்துவந்தார். கை அளவிலேயே எல்லாம் சரியாக விழும்.

எனக்கு விழவில்லை. வந்த புதிதில் சாம்பாரில் இரண்டு முறை உப்பே போடவில்லை, ஒரு முறை இரட்டிப்பாகப் போட்டேன். சாப்பிட உட்கார்ந்த பிறகுதான் தெரியும். அதற்குள் பெருமாளுக்கு ஆகிவிட்டிருக்கும். "பாவம்டி பெருமாள், இன்னிக்கு ராத்திரி பூரா தீர்த்தம் கேட்கப்போறார்" என்று மாமியார் சிரித்தார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அந்தப் பயத்தில் நான் ஒரு திருட்டுத்தனம் பழகிக்கொண்டேன். மூக்கைப் பாத்திரத்தின் மேல் கொண்டுபோனால்தானே தப்பு, தானாக வரும் ஆவிக்கு நான் என்ன செய்வது என்று எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டு, அடுப்பருகில் நின்று மூச்சை நன்றாக இழுப்பேன். உப்புப் போடாத குழம்பு கொதிக்கும்போது வரும் மணம் வேறு. புளி ஒரு நிமிடம் குறைவாகக் கொதித்தால் வேறு. ஐந்து வருடத்தில் என் மூக்கு அப்படிப் பழகிவிட்டது. மாமியார் அதை என் கைப்பக்குவம் என்று நினைத்தார். நான் திருத்தவில்லை.

தம்பி அமெரிக்காவில் குளிர்ப் பிரதேசத்துச் சிறிய ஊர் ஒன்றில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறான். சனிக்கிழமைகளில் அங்கே ஒரு சின்ன மதுக்கூடத்துக்குப் போய்ச் சம்பளமில்லாமல் வேலை செய்கிறான். பீர் காய்ச்சுகிற இடம். மொத்தமே ஆறு பேர். இவன் அண்டா கழுவுவான், பாட்டிலில் அடைப்பான். இந்த வருடம் ஆடி மாதம் மூன்று வார லீவில் வந்தபோது, ஸ்வெட்டருக்குள் சுருட்டி மூன்று சின்ன பாட்டில்கள் கொண்டுவந்திருந்தான். மூன்றும் வெவ்வேறு சின்னக் கூடங்களில் காய்ச்சியவை, கடையில் சுலபமாகக் கிடைக்காதவை என்றான். அம்மாவுக்கு ஒரு பாட்டில் மேப்பிள் சிரப். அங்கே மரத்திலிருந்து இறக்கிக் காய்ச்சுகிற பாகு. அப்பா தோசைக்குத் தொட்டுக்கொண்டே ஒரு வாரத்தில் அதைக் காலி செய்துவிட்டார். அம்மா பாட்டிலைக் கழுவி ஜன்னலில் கவிழ்த்து வைத்திருந்தாள்.

அப்போது நான் குழந்தையோடு நான்கு நாள் அங்கே போயிருந்தேன். அம்மாவும் அப்பாவும் மணப்பாறைக்கு ஒரு கல்யாணத்துக்குப் போன அன்று மத்தியானம், பையன் தூங்கிய பிறகு, தம்பி மாடி அறையில் செய்தித்தாளை விரித்தான். அம்மாவின் ஷோகேஸில் வருடக்கணக்காக வெறும் அழகுக்கு நின்ற கண்ணாடி டம்ளர்கள் இரண்டை எடுத்து வந்து துடைத்து வைத்தான்.

"நீ ஒண்ணும் குடிக்க வேண்டாம்க்கா. சும்மா மோந்து பாத்துச் சொல்லு."

"எனக்கு எதுக்குடா இது?"

"இந்த ஊர்ல வேற யார்கிட்ட நான் காட்றது? அப்பாகிட்டயா?"

முதலாவது வெளிர் மஞ்சள். நான் டம்ளரை எட்டவே பிடித்துக்கொண்டு முகர்ந்தேன். "நார்த்தங்காய் இலையைக் கசக்கின மாதிரி இருக்கு. அடில வேப்பம்பூ... பச்சை இல்லை, நெய்யில வறுத்தது" என்றேன். தம்பி என்னையே பார்த்தான். அந்தக் கசப்பும் மணமும் ஒரு கொடியின் பூவிலிருந்து வருவது என்றான். இரண்டாவது கன்னங்கரேலென்று கீல் மாதிரி இருந்தது. "காபிக்கொட்டையை வாணலியில போட்டுட்டு யாரோ போன் பேசப் போயிட்டா. பக்கத்துல கருப்பட்டி." அவன் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, நான் சொல்வதை அப்படியே போனில் எழுதிக்கொள்ள ஆரம்பித்தான்.

மூன்றாவதை டம்ளரைச் சாய்த்துப் பிடித்து மெதுவாக ஊற்றினான். மாதுளைத் தோலை ஊறவைத்த தண்ணீர் போலச் செம்பழுப்பு. "இதுக்குப் பேரு பார்லி ஒயின். பேர்லதான் ஒயின், பீர்தான். ஒரு வருஷம் மரப்பீப்பாய்க்குள்ள இருந்தது. பன்னெண்டு பர்சென்ட் ஆல்கஹால். பாத்து."

முகர்ந்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "டேய், இது தசமூலாரிஷ்டம்டா!" பிரசவத்துக்குப் பிறகு ஒரு மண்டலம் மாமியார் எனக்குத் தினமும் சம அளவு தண்ணீர் விட்டுக் கொடுத்த அதே மருந்து. அதே பழைய வெல்லம், அதே பேரீச்சை, அடியில் கட்டையின் வாசனை.

"அரிஷ்டமும் புளிக்க வெச்சதுதானேக்கா. அப்ப நீ ஏற்கெனவே குடிச்சவ. இனிமே என்ன?"

குடித்தேன். முதலில் ஒரு வாய், அப்புறம் இரண்டு விரல் அளவு. நாக்கில் தித்தித்து, தொண்டையில் சுட்டு, காது மடல்வரை சூடு ஏறியது. பிடித்திருந்தது. இதை எழுதும்போது கூசுகிறது, ஆனாலும் பிடித்திருந்தது. அதைவிடப் பிடித்தது, என் மூக்கு சொன்னதை ஒருவன் உட்கார்ந்து எழுதிக்கொண்டது. "நீ மட்டும் எங்க ஊர்ல இருந்தா இந்த மூக்குக்குச் சம்பளம் குடுத்து வெச்சுப்பாங்க" என்றான். அந்தச் சொல்லுக்காகவே இன்னொரு வாய் குடித்தேன்.

பையனுக்குப் பால் மறக்கடித்து ஆறு மாதம் ஆகியிருந்தது. ஆனாலும் இணையத்தில் தேடிப் பார்த்தேன். இரண்டு முறை பல் தேய்த்தேன், ஏலக்காய் மென்றேன். மூன்றாவது பாட்டிலில் பாதிக்கு மேல் மிச்சம் இருந்தது. அப்போதுதான் தம்பி கொட்டிவிடவா என்று கேட்டான். நான் கீழே போய், கழுவிக் கவிழ்த்திருந்த மேப்பிள் பாட்டிலை எடுத்து வந்து, ஒரு சொட்டு சிந்தாமல் நானே அதில் ஊற்றி மூடினேன். இரண்டு நாள் கழித்துக் குழந்தையின் பனியன்களுக்கு நடுவே அதைச் சுற்றி வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். சத்திரம் பஸ் ஸ்டாண்டில் பஸ் மாறும்போதும், காவிரிப் பாலத்தைத் தாண்டும்போதும் பையை மடியிலிருந்து இறக்கவில்லை.

சமையலறையில் வைக்கவில்லை. அந்த அளவுக்காவது புத்தி இருந்தது. எங்கள் அறை அலமாரியில் குழந்தையின் துணிகளுக்குப் பின்னால் வைத்தேன். அதற்குப் பிறகு குடிக்கவும் இல்லை. இரண்டு முறை மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தேன், அவ்வளவுதான். நுரை, குமிழி எல்லாம் அடங்கிப்போய் வெறும் செம்பழுப்புத் தண்ணீராக இருந்தது.

ஆவணியில் பையனின் பிறந்த நட்சத்திரம் வந்தது. காலையில் அவனுக்குக் கட்ட பட்டு வேட்டியைத் தேடி மாமியார் அலமாரியைத் திறந்தார். நான் அவனுக்குத் தலை துவட்டிக்கொண்டிருந்தேன்.

"இது என்னதுடி?"

திரும்பினால் அவர் கையில் பாட்டில். கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி லேபிளைப் படித்தார். கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். எதையும் முழுதாகப் படிப்பார். "மேப்பிள் சிரப். ஹண்ட்ரட் பர்சென்ட் ப்யூர். உன் தம்பி கொண்டுவந்தானா?"

தலையை ஆட்டினேன். தம்பி கொண்டுவந்த பாட்டில்தானே.

"வாயே திறக்கலையே நீ! மரத்துலேந்து வடியறதுதானே? ஒரு தோஷமும் கிடையாது. இன்னிக்குத் திருக்கண்ணமுதுல சேர்த்துடறேன், குழந்தைக்காக வந்ததுதானே." எங்கள் வீட்டில் பாயசத்தைத் திருக்கண்ணமுது என்போம். பாட்டிலைக் குலுக்கிப் பார்த்தார். "பாகுன்னா கெட்டியா இருக்க வேண்டாமோ? இப்படி நீர்த்திருக்கே."

"அங்க அப்படித்தான் இருக்குமாம் அம்மா."

என் வாயிலிருந்து வந்த முதல் பொய் அதுதான். ஒன்றே போதுமாக இருந்தது.

வேறு யாராக இருந்தாலும் மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்திருப்பார்கள். ஒரு சொட்டு நாக்கில் வைத்திருப்பார்கள். அவர் வைக்க மாட்டார். வெல்லம் கரைந்து கொதித்துக்கொண்டிருந்த உருளியில், முகத்தைச் சற்றுத் திருப்பிக்கொண்டு, பாட்டில் முழுவதையும் கவிழ்த்தார். கூடத்தில் நின்ற எனக்கு அந்த மணம் வந்தது. பேரீச்சை, பழைய வெல்லம், கட்டை. சமையலறை வாசல்வரை போனேன். "அம்மா" என்றேன். "என்னடி?" என்றார். "ஒண்ணுமில்லை, முந்திரி உடைச்சுத் தரட்டுமா?" என்றேன்.

அப்போது சொல்லியிருக்கலாம். இறக்கி வைத்தபோது சொல்லியிருக்கலாம். பெருமாள் முன்னால் கொண்டுபோய் வைத்துத் திரையை இழுத்துவிட்டு, மாமியார் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதாவது சொல்லியிருக்கலாம். பையன் என் புடவைத் தலைப்பைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தான். நான் அவனைத் தூக்கிக்கொண்டு நின்றேன்.

என் மாமியார் வெளியில் காபிகூடக் குடித்ததில்லை. பஸ்ஸில் போனால் வீட்டுத் தீர்த்தத்தைக் கூஜாவில் எடுத்துப் போகிறவர். வெங்காயம் நறுக்கிய கத்தியைத் தொட மாட்டார். அவர் முதல் வாய் சாப்பிட்டுவிட்டுக் ஸ்பூனைக் கீழே வைத்தார். "இந்த ஆத்துக்கு வந்ததுலேந்து நான் இப்படி ஒரு திருக்கண்ணமுது பண்ணினதில்லைடி. இன்னிக்குப் பெருமாள் ஏறெடுத்துப் பார்த்துட்டார்." கண் கலங்கியிருந்தது. ஒரு கிண்ணத்தை மூடி எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டு மாமிக்குக் கொடுக்கப் போனார்.

பையனுக்கு வேண்டாம், வயிறு சரியில்லை என்றேன். "அவன் நட்சத்திரத்துக்கு அவனுக்கு இல்லாமலா?" என்று அதற்குள் இரண்டு ஸ்பூன் ஊட்டிவிட்டார். நான் மொட்டை மாடிக்கு ஓடித் தம்பிக்குப் போன் செய்தேன். நன்றாகக் கொதித்தால் பெரும்பாலும் ஆவியாகிவிடும் என்றான். முழுதாகப் போகாது என்று இணையத்தில் போட்டிருந்தது. மத்தியானம் பையன் தூங்கிய இரண்டு மணி நேரமும் அவன் மூக்கருகே விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எழுந்ததும் பந்து கேட்டான். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

கணவரிடம் அன்றே ஸ்கூட்டரில் போகும்போது சொன்னேன். அவர் வண்டியை ஓரம் கட்டிவிட்டுச் சிரித்தார். "எங்கம்மாவுக்குப் பன்னெண்டு பர்சென்ட்டா! நானே மூணு கிண்ணம் சாப்பிட்டேனே." பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சொல்லித் தொலைக்காதே. தெரியாத வரைக்கும் அவளுக்கு ஒண்ணும் இல்லை" என்றார். நான் குடித்ததைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அவர் சொன்னபடி ஒரு மாதம் ஓடியது. மாமியார் மட்டும் வருகிறவர்களிடமெல்லாம் அந்தத் திருக்கண்ணமுதைப் பற்றிச் சொன்னார். "உன் தம்பிகிட்ட இன்னும் ரெண்டு பாட்டில் சொல்லேன்" என்றார். எனக்கு உள்ளுக்குள் ஒரு நிம்மதி. நிஜமான மேப்பிள் பாகு வந்துவிட்டால் என் பொய் உண்மையாகிவிடும் இல்லையா? தம்பி திருச்சிக்கு வந்த ஒரு நண்பரிடம் கொடுத்து அனுப்பினான். புரட்டாசி முதல் சனிக்கிழமை மாமியார் அதை ஊற்றித் திருக்கண்ணமுது செய்தார்.

வெறுமனே தித்தித்தது. அவர் இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு எழுந்துபோனார். அடுத்த வாரம் வெல்லத்தை மாற்றினார். அதற்கடுத்த வாரம் பழைய உருளியைப் புளி போட்டுத் தேய்த்து, தலைக்குக் குளித்து, ஈரப் புடவையோடு நின்று செய்தார். அன்று சாப்பிட்டு முடித்தபின் என்னைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார்.

"பாகு அதே பாகுதானே? இது கெட்டியா இருந்துதே."

"அதேதாம்மா. இது இன்னும் கொஞ்சம் காய்ச்சினதாம்."

"பின்னே என்கிட்டதான் ஏதோ குறை. எங்கேயோ அபசாரம் பண்ணியிருக்கேன், எதுன்னு தெரியலை. குடுத்ததைப் பிடுங்கிண்டுட்டார்." தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இனிமே நீயே தளிகை பண்ணு. உன் கை சுத்தமா இருக்கு. நான் வெளியிலேந்து காய் திருத்தித் தரேன்."

வேண்டாம் என்று எவ்வளவோ சொன்னேன். வேண்டாம் என்பதற்கான காரணத்தை மட்டும் சொல்லவில்லை.

மூன்று வாரமாக நான்தான் தளிகை செய்கிறேன். மாமியார் கூடத்தில் அரிவாள்மணை முன்னால் உட்கார்ந்து கத்தரிக்காய் நறுக்குகிறார். சமையலறைப் படியைத் தாண்டுவதில்லை. ஒரு வேளைதான் சாப்பிடுகிறார். தான் செய்த தப்பு என்னவென்று தெரியும்வரை அப்படித்தானாம். எழுபது வயது. கணவர் இப்போது சிரிப்பதில்லை. "இரண்டு மாசத்துல சரியாயிடுவா, விடு" என்கிறார். நேற்று ரசத்தை இறக்கும்போது மாமியார் வெளியிலிருந்து கேட்டார், "உப்புப் போட்டியோடி?" என்று. குரலில் பழைய கிண்டல் இல்லை. நிஜமாகவே என்னிடம் கேட்டுத் தெரிந்துகொள்கிற குரல்.

சொன்னால், அவர் கைக்கு ஒன்றும் ஆகவில்லை என்று அவருக்குத் தெரிந்துவிடும், தளிகைக்குத் திரும்பிவிடுவார். ஆனால் பெருமாள் ஏறெடுத்துப் பார்த்ததாக அவர் கண் கலங்கிய அந்த ஒரு நாளும், அன்று அவர் என்ன படைத்தார், என்ன சாப்பிட்டார் என்பதும் சேர்ந்தே தெரிந்துவிடும். அதற்குப் பிறகு பேரனை என்னிடம் விட்டுவைக்கலாமா என்றுகூட அவர் யோசிக்கக்கூடும். சொல்லாவிட்டால் இப்படியே கூடத்தில் உட்கார்ந்து மெலிந்துகொண்டே போவார். எனக்குப் பயம் அவரைப் பற்றியா, என்னைப் பற்றியா என்று என்னாலேயே பிரித்துப் பார்க்க முடியவில்லை.

இதைப் படிக்கிறவர்கள் எனக்கு வழி சொல்லுங்கள். சொல்லிவிடுவதா? சொல்வதென்றால் தனியாகச் சொல்வதா, கணவரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டா? நான் குடித்ததிலிருந்து தொடங்குவதா, பாட்டிலிலிருந்தா? என் வயதுப் பெண்கள் விட்டுவிடு என்றுதான் சொல்வார்கள். எனக்கும் அதுதான் சுலபம். அதனால் நீங்கள் மாமியாராக இருந்தால், இப்படி ஒன்றை உங்கள் மருமகள் வாயிலிருந்து கேட்க விரும்புவீர்களா, மாட்டீர்களா என்று மட்டுமாவது தயவுசெய்து எழுதுங்கள்.